தாழம்பூ: பாட்டிலில் வராத வாசனை

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈசிஆரில் போகும்போதெல்லாம் அம்மா ஜன்னலை இறக்கச் சொல்வார். "இங்கெல்லாம் தாழம்பூ வாசம் தூக்கும்டா முன்ன." போன மாசம் ஒரு கடையில் தாழம்பூ அத்தர் கிடைத்தது. ஆசையாய் வாங்கிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். "வாசனையாத்தான் இருக்கு. ஆனா பூ இல்ல."

ஏன் அப்படிச் சொன்னார் என்று தேட ஆரம்பித்தேன்.

தாழையில் ஆண், பெண் செடிகள் தனித்தனி. மணப்பது ஆண் பூ மட்டும்தான். நாம் ஜடையில் வைத்துத் தைக்கிற, புடவைப் பெட்டியில் போட்டு வைக்கிற வெளிர்மஞ்சள் மடல்கள் உண்மையில் இதழ்கள் இல்லை. பூங்கொத்தை மூடியிருக்கும் பாளைகள்.

இதைப் பெரிய தொழிலாகச் செய்வது ஒடிசாவின் கஞ்சம் மாவட்டம். அங்கே பெயர் கேவடா, புவிசார் குறியீடும் உண்டு. மணம் சீக்கிரம் குறைந்துவிடும் என்பதால் விடியற்காலையில் பறித்து, நேராக வடிக்கும் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். தாமிர அண்டாவில் பூவும் தண்ணீரும். மூடியின் இடுக்கைக் களிமண்ணால் அடைத்து, கீழே தீ. நீராவி குழாய் வழியாகப் போய், தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும் இன்னொரு பாத்திரத்தில் குளிர்கிறது. அதில் சந்தன எண்ணெய் இருந்தால் மணத்தை அது பிடித்துக்கொள்ளும், அதுதான் அத்தர். எண்ணெய் வைக்காமல் வடித்தால் பிரியாணிக்கும் இனிப்புக்கும் போடுகிற கேவடா தண்ணீர்.

இப்போது அம்மாவின் புகாருக்கு வருவோம். தாழம்பூ எண்ணெயில் பெரும்பங்கு ஒரே பொருள்: ஃபினைல் எத்தில் மெத்தில் ஈதர். ரோஜாவில் இருக்கும் ஃபினைல் எத்தில் ஆல்கஹாலில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு மெத்திலை ஒட்டவைத்தால் இது வந்துவிடும். ஆலையில் மலிவாகச் செய்யலாம். சந்தன எண்ணெய் விலை ஏறியதில் அடிப்படைக்கு லிக்விட் பாரஃபின் கலப்பதும் சகஜம். பூவில் மீதியிருக்கும் சின்னச் சின்னப் பொருட்கள்தான் பச்சை வாடையையும் காரத்தையும் தருகின்றன. மலிவு பாட்டிலில் பெரும்பாலும் விட்டுப்போவது அவைதான். அம்மா மூக்கு தேடியதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது பல ஆய்வாளர்கள் கருத்து. அந்தப் பாட்டின் கடற்கரையிலும் தாழை பூத்து நிற்கிறது. மணலைப் பிடித்து நிறுத்துகிற செடி அது. வேலிக்கு வெட்டினோம், வீட்டுமனைக்கு வெட்டினோம்.

யாராவது மறுபடி நட நினைத்தால் ஒரு விஷயம்: விதையில் வருவது ஆணா பெண்ணா என்று பூக்கும்வரை தெரியாது. மணக்கிற ஆண் புதரிலிருந்து பக்கக்கன்றை எடுத்து வையுங்கள். நானும் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு.