கப்பலேறும் காரும் கரையிறங்கும் உள்ளானும்

ஒரகடத்தில் உருவாகும் கார்களில் ஒரு பகுதி லாரியேறி, எண்ணூர் காமராஜர் துறைமுகம் போய்க் கப்பலேறுகிறது. பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த நீள லாரிகள் பழகிய காட்சி. மார்கழி, தை மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவை போகும் திசையில் நீங்களும் போய்வாருங்கள். துறைமுகத்துக்குத் தெற்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கிறது. பார்க்க வேண்டியது அங்கிருக்கும் சேற்றை.

உமரிச் செடி படர்ந்த அந்த உவர்நிலத்தைத் தரிசு என்று எழுதிவிடுவது எளிது. சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் உள்ளான்களுக்கோ அதுதான் சாப்பாட்டுக்கூடம். நீர் வற்றியதும் பந்தி தொடங்கும். ஏறியதும் பறவைகள் உப்பளப் பாத்திகளில் ஒதுங்கிவிடும். அதனால் புறப்படுமுன் கடிகாரத்தைவிட ஓத அட்டவணையைப் பார்ப்பது நல்லது.

ஒரே சேற்றில் இத்தனை பறவைகள் எப்படிச் சண்டையில்லாமல் மேய்கின்றன? விடை அலகில் இருக்கிறது. குட்டை அலகும் பெரிய கண்ணும் கொண்ட உப்புக்கொத்தி, ஓடி, நின்று, மேற்பரப்பில் அசைவதைக் கொத்தும். சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான் சற்றே உள்ளே துழாவும். குதிரைமலைக் கோட்டானின் வளைந்த நீள அலகு நண்டு வளைக்குள்ளேயே போகும். மூக்கனின் வித்தைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் அலகு நுனியில் தொடுவுணர்வுக் குழிகள் நிறைந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புழுவை அவற்றால் உணர்ந்து, புதைந்த அலகின் நுனியை மட்டும் திறந்து கவ்விவிடும். இந்தத் தீனியின் பலம் சாதாரணமானதல்ல. 2022இல் பட்டைவால் மூக்கன் ஒன்று, பிறந்து சில மாதங்களே ஆன இளம்பறவை, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது.

எண்ணூர்ச் சேற்றுக்கு இது நல்ல காலமல்ல. அனல்மின் நிலையச் சாம்பல் நெடுநாளாகவே கழிமுகத்தைத் தூர்த்துவருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. கூழைக்கடாக்கள் இறகு கறுத்து நின்றன. எண்ணெய் பட்ட இறகில் நீர் ஊறும், குளிர் தாக்கும். கோதிச் சுத்தம் செய்தால் நஞ்சு வயிற்றுக்குள் போகும். வேலையும் துறைமுகமும் வேண்டும்தான். அதற்குச் சேற்றைக் குப்பைத்தொட்டியாக்கத் தேவையில்லை.

எண்ணூர் தூரமென்றால் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைக்காவது போங்கள். பொரி உள்ளான் போன்றவை நன்னீர்ச் சேற்றையும் நாடுபவை. தமிழகமெங்கும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் நின்று எண்ணி, இபேர்ட் தளத்தில் பதிந்தால் போதும். இந்தப் பொங்கலுக்கு உங்கள் ஏரியின் கணக்கும் அதில் சேரட்டும்.