மாற்று ஏற்பாடு இருந்தும் ஏன் கைவிடுகிறது?

கரண்ட் போனால் இன்வெர்ட்டர் இருக்கிறது, அதுவும் நின்றால் ஜெனரேட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறோம். ஒன்று பழுதானால் மற்றது உதவும் என்பது சரிதான். ஆனால் இரண்டையும் ஒரே காரணம் பழுதாக்கினால் என்ன ஆகும்?

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் அதுதான் நடந்தது. நிலநடுக்கத்தால் வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றது. உடனே டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அவசரத் தேவைக்காக அங்கே 13 ஜெனரேட்டர்கள் இருந்தன. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்தது. பெரும்பாலான ஜெனரேட்டர்கள் கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்ததால் தண்ணீரில் மூழ்கின. சில ஜெனரேட்டர்கள் நனையாமல் தப்பியும் பயனில்லை. மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் ஸ்விட்ச் போர்டுகள் மூழ்கிவிட்டன. 1, 2, 3 ஆகிய உலைகளின் எரிபொருள் உருகியது.

இதில் கணக்கு எங்கே தவறுகிறது? தேவையான நேரத்தில் ஒரு ஜெனரேட்டர் ஓடாமல் போக 100-ல் 1 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஓடாமல் போக 10,000-ல் 1, மூன்றும் என்றால் 10 லட்சத்தில் 1 என்று பெருக்கிச் சொல்லலாம். ஆனால் ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பே இல்லாதபோதுதான் இந்தப் பெருக்கல் பொருந்தும்.

பழுதுகளில் பத்தில் ஒன்று எல்லா ஜெனரேட்டர்களையும் சேர்த்தே நிறுத்தக்கூடியது என்றால்? வெள்ளம், கலப்பட டீசல், எல்லாவற்றிலும் ஒரே தவறைச் செய்த மெக்கானிக் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அப்போது எல்லாம் ஒன்றாக நிற்கும் வாய்ப்பு சுமார் 1,000-ல் 1. மூன்றாவது, நான்காவது ஜெனரேட்டர் வாங்கினாலும் அது அதற்குக் கீழே குறையாது. பொறியாளர்கள் இதைப் பொதுக் காரணப் பழுது என்கிறார்கள்.

எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட வேறுபாட்டைக் கூட்டுவதே இதற்கு வழி. இடம் வேறாக இருக்க வேண்டும், இயங்கும் முறையும் வேறாக இருக்க வேண்டும். ஃபுகுஷிமாவில் 6-ஆம் உலையின் ஒரே ஒரு ஜெனரேட்டர் தொடர்ந்து மின்சாரம் தந்தது. அது உயரமான இடத்தில் இருந்தது. கடல் நீருக்குப் பதில் காற்றால் குளிர்ந்தது. 5, 6 ஆகிய இரு உலைகளையும் காப்பாற்ற அந்த ஒன்றே உதவியது.

நம் வீட்டிலும் இதையே யோசிக்கலாம். ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை நம்பி இருக்கும் பெரியவருக்கு இன்னொரு கான்சென்ட்ரேட்டர் வாங்கி வைத்தால், கரண்ட் போகும்போது இரண்டும் நின்றுவிடும். கரண்ட் தேவைப்படாத சிலிண்டர் ஒன்று இருந்தால் அது கைகொடுக்கும். வீட்டுப் பத்திரமும் அதன் நகலும் ஒரே பீரோவில் இருந்தால் தீயிலோ வெள்ளத்திலோ இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

மாற்று ஏற்பாடு செய்யும்போது எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதோடு நிற்காமல், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தக்கூடியது எது என்றும் கேட்டுப் பாருங்கள்.