‘கோசோங்’ கேட்கும் காலை

காலை ஏழரை மணி. பெட்டாலிங் ஜெயாவின் தாமான் ஜெயா ஏரிப் பூங்காவில் நான்கு சுற்று முடித்த கூட்டம் நேராக மாமாக் கடைக்குள் நுழைகிறது. “அண்ணே, ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரேக் ஒண்ணு!” வியர்வையாகப் போனதெல்லாம் ஐந்தே நிமிடத்தில் உள்ளே திரும்புகிறது. ஒருவர் மட்டும் “தே ஓ கோசோங்” என்கிறார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. மற்றவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

பரிதாபம் இடம் மாறி விழுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு.

தெற்காசிய உடல் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கும் உடல். அதனால்தான் நமக்கு இடுப்பளவு வரம்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். ஆனால் உடல்வாகு மட்டுமே காரணமல்ல, வாழ்க்கை முறை மாறியதும் காரணம். இந்தப் பெட்டாலிங் ஜெயாவே 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தை அழித்து எழுந்தது. அப்படிப்பட்ட தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர்க் கணக்கெடுப்புக்கு, நின்றவர்கள் நிரை பிடித்து, நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, பாலைத் தோளில் சுமந்து நடந்தார்கள். (வறுமையும் மலேரியாவும் அங்கே இருந்தன, அதைப் பொற்காலம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.) தாத்தாவின் சோற்றுக் குவியலை நடை எரித்தது. பேரனுக்குக் குவியல் மட்டும் மிச்சம். மின்தூக்கி, கார், நாற்காலி என்று நாள் கழிகிறது.

சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுகு-சுகு செபாரோ’ கணக்கு எளிது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இது தலைகீழ். இலை நடுவில் சோற்று மலை. ஓரத்தில் ஒரு கரண்டி முட்டைக்கோஸ், ஒரு கரண்டி கீரை. “சோறு பாதி போதும், காய் கூட வைங்க” என்றால் எந்தக் கடையிலும் முகம் சுளிக்க மாட்டார்கள். காயை முதலில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும். கை கழுவியதும் பத்து நிமிடம் நடந்தால் கால் தசை அதில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும்.

2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பல பாக்கெட் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. பிறகு அது உயர்ந்தது. மாமாக் கடையில் ஆற்றித் தரும் தே தாரேக்குக்கு அந்த வரி கிடையாது. அதில் ஊற்றும் டின் பாலில் ஏறத்தாழப் பாதி சீனி. “குராங் மானிஸ்” என்று வாய்விட்டுச் சொன்னால் ஒரு கரண்டி குறையும். சொல்லாவிட்டால் கைப்பழக்கத்தில் ஊற்றிவிடுவார்கள்.