கிராமர் பள்ளியா, கட்டணப் பள்ளியா?

இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் மேல்நிலைப் பள்ளிகள் மூவாயிரத்துக்கும் மேல். அவற்றுள் 163 பள்ளிகள் மட்டும் நுழைவுத் தேர்வு வைத்து மாணவர்களைச் சேர்க்கின்றன. இவற்றுக்குக் கிராமர் பள்ளிகள் என்று பெயர். கட்டணம் கிடையாது, ஆனால் பத்து வயதில் ‘இலெவன் பிளஸ்’ தேர்வில் தேற வேண்டும். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிலும் பெயர்பெற்றவை தேர்வு வைத்தே சேர்க்கின்றன. ஈட்டன், ஹாரோ போன்ற பழைய தனியார் பள்ளிகளை அந்நாட்டார் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று அழைப்பதால் நம்மவர்கள் குழம்புவதுண்டு. அவை அரசுப் பள்ளிகள் அல்ல. மேல்நிலை மாணவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் கிராமர் பள்ளிகளில் படிக்கிறார்கள். தனியார் பள்ளிகளின் பங்கு அதைவிடச் சற்று அதிகம்.

கிராமர் பள்ளிகள் ஒரு காலத்தில் நாடெங்கும் இருந்தன. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு, பதினோரு வயதில் பிள்ளைகளைத் தேர்வு வைத்துப் பிரிப்பதே வழக்கமாக இருந்தது. தேறியவர்கள் கிராமர் பள்ளிக்கும், மற்றவர்களில் பெரும்பாலோர் ‘செகண்டரி மாடர்ன்’ பள்ளிக்கும் போனார்கள். அவ்வளவு சின்ன வயதில் பிள்ளைகளுக்கு முத்திரை குத்துவது சரியா என்ற கேள்வி வலுத்தது. 1965இல் லேபர் அரசு, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்க்கும் காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகளுக்கு மாறும்படி உள்ளூர் நிர்வாகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆயிரத்து இருநூறுக்கும் மேலிருந்த கிராமர் பள்ளிகள் மளமளவெனக் குறைந்தன. 1998இல் வந்த சட்டம் புதிய கிராமர் பள்ளி தொடங்குவதையே தடை செய்தது. மிஞ்சியிருக்கும் 163 பள்ளிகளுக்கு இவ்வளவு போட்டி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பள்ளிகளும் நாட்டில் பரவலாக இல்லை. கென்ட், பக்கிங்ஹாம்ஷயர், லிங்கன்ஷயர் மாவட்டங்களில் பழைய முறை இன்னும் நீடிக்கிறது. கென்ட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பிள்ளை கிராமர் பள்ளிக்குத் தகுதி பெறுகிறது. லண்டனின் விளிம்பில் சட்டன், கிங்ஸ்டன், பார்னெட், ரெட்பிரிட்ஜ் போன்ற பகுதிகளில் ஒரு சில பள்ளிகளே உண்டு. அவற்றில் சில, தேறியவர்களை மதிப்பெண் வரிசைப்படி நிறுத்தி மேலிருந்து எடுப்பதால் போட்டி மிகக் கடுமை. லண்டன் விளிம்பில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையோடு வளர்ந்த பெற்றோருக்கு இலெவன் பிளஸ் அந்நியமாகத் தோன்றுவதில்லை. அதே பதற்றமும் அதே டியூஷனும் இங்கும் உண்டு.

தேர்வில் ஆங்கிலம், கணிதம், சொல்வழித் தர்க்கம், உருவவழித் தர்க்கம் ஆகியவை கேட்கப்படும். எல்லா இடத்திலும் நான்கும் இராது. உருவவழிக் கேள்வி இப்படி இருக்கும்: ஐந்து கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் அம்புக்குறி, ஒரு வட்டம், சில கோடுகள். நான்கு கட்டங்களில் கோடுகளின் எண்ணிக்கையும் அம்பு திரும்பும் திசையும் ஒரு விதிக்குள் அடங்கும்; ஐந்தாவதில் அடங்காது. பிள்ளை அதை அரை நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஆரம்பப் பள்ளிப் பாடத்தில் இந்த வகைக் கேள்வி கிடையாது. முன்பே பழகிய பிள்ளைக்கும் முதல்முறை பார்க்கும் பிள்ளைக்கும் நடுவே உள்ள தூரம், அறிவுக் கூர்மையின் தூரமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வகுப்பில் செப்டம்பரில் பிறந்த பிள்ளையும் மறு ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் இருப்பதால், வயதுக்கேற்ப மதிப்பெண்ணைச் சரிக்கட்டும் வழக்கம் உண்டு. டியூஷனுக்கு அப்படி ஒரு சரிக்கட்டல் இல்லை.

இதன் விளைவை ‘சட்டன் டிரஸ்ட்’ அறக்கட்டளை 2013இல் வெளியிட்ட ஆய்வில் காணலாம். கிராமர் பள்ளியில் சேர்ந்தவர்களில் இலவச மதிய உணவுக்குத் தகுதியான ஏழைப் பிள்ளைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அரசுப் பள்ளிகளுக்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் கட்டணம் வாங்கும் ஆரம்பப் பள்ளிகளிலிருந்து, வந்தவர்கள் ஏறத்தாழ 13 பேர். அதாவது, ஏழு ஆண்டு இலவசப் படிப்புக்காகச் சில ஆண்டுகள் முன்கூட்டியே பணம் செலவழித்த குடும்பங்கள் இதில் கணிசம்.

தனியார் பள்ளிக் கணக்கு வேறு. 2025 ஜனவரி 1 முதல் அரசு இந்தக் கட்டணங்களுக்கு 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி விதித்துள்ளது. வரியோடு சேர்த்து, தினமும் வீட்டிலிருந்து போய்வரும் மாணவருக்கு ஒரு பருவத்துக்குச் சராசரியாக 7,000 பவுண்டுக்கு மேல் ஆகிறது. ஆண்டுக்கு மூன்று பருவம், பதினொன்று முதல் பதினெட்டு வயது வரை ஏழு ஆண்டு. கட்டணம் ஏறாமலே இருந்தாலும் ஒரு பிள்ளைக்கு ஒன்றரை லட்சம் பவுண்டு அளவில் வருகிறது. வருமான வரி போக மிஞ்சும் பணத்திலிருந்து இதைக் கட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகள் இருந்தால், மூத்ததற்குச் செய்ததை இளையதற்கும் செய்ய முடியுமா என்பதை முதல் ஆண்டிலேயே கணக்குப் பார்த்துவிடுவது நல்லது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் ‘பர்சரி’ உதவி, சில பள்ளிகளில் கட்டணம் முழுவதையுமே ஏற்கிறது. திறமைக்காகத் தரும் ‘ஸ்காலர்ஷிப்’ பெரும்பாலும் சிறு கழிவுதான். பிள்ளையை நிறுத்துவதாக இருந்தால் ஒரு பருவம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும், தவறினால் அந்தப் பருவக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் பொதுவாக இருக்கும். கையெழுத்துப் போடுமுன் படிக்க வேண்டிய வரி இது.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? கிராமர் பள்ளி வகுப்பில் முப்பது பேர் அளவில் இருப்பார்கள், தனியார் பள்ளியில் இருபது பேர் அளவில். இசை, நாடகம், விளையாட்டு ஆகியவற்றுக்கு இடமும் நேரமும் ஆளும் தனியார் பள்ளியில் அதிகம். கூச்சத்தால் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, முப்பது பேர் நடுவே ஒரு பருவம் முழுதும் ஆசிரியர் கண்ணில் படாமலே இருந்துவிடலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சிறு வகுப்பு பெரிய உதவி. தேர்ச்சிப் பட்டியலை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்தான் பிழை நேர்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் பள்ளியில் தேர்ச்சி உயர்ந்திருப்பது இயல்பே. டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு, சேரும் பிள்ளைகளின் முந்தைய மதிப்பெண்ணையும் குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தால், கிராமர் பள்ளிகள் மற்ற அரசுப் பள்ளிகளைவிடக் கூடுதலாக எதுவும் சாதிப்பதாகத் தெரியவில்லை என்றது. அடுத்த தெருவில் உள்ள நல்ல காம்ப்ரிஹென்சிவ் பள்ளியைப் பார்க்காமலே ஒதுக்கும் பெற்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

கால அட்டவணையைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கிராமர் தேர்வு பெரும்பாலும் ஆறாம் ஆண்டின் தொடக்கமான செப்டம்பரில் நடந்து, அக்டோபர் நடுவில் முடிவு வரும். அரசுப் பள்ளிகளுக்கான விண்ணப்பத்தை அக்டோபர் 31க்குள் வசிக்கும் பகுதியின் கவுன்சிலுக்குத் தர வேண்டும். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். இங்கே ஒரு தவறான பயம் பரவலாக உண்டு: கிராமர் பள்ளியை முதலில் எழுதி அது கிடைக்காவிட்டால், இரண்டாவதாக எழுதிய பக்கத்துப் பள்ளி கோபித்துக்கொண்டு இடம் தராது என்பது. எந்தப் பள்ளிக்கும் தான் எத்தனையாவதாக எழுதப்பட்டிருக்கிறது என்பது தெரியாது. பிள்ளைக்குத் தகுதியுள்ள பள்ளிகளில் பட்டியலில் மேலே இருப்பதைக் கவுன்சில் தரும். ஆகவே உண்மையான விருப்பப்படி எழுதி, கடைசியில் கிடைக்க வாய்ப்புள்ள பக்கத்துப் பள்ளி ஒன்றைச் சேர்ப்பதே சரி.

அரசுப் பள்ளி முடிவு மார்ச் 1 அன்று வரும். தனியார் பள்ளிகள் பெரும்பாலும் பிப்ரவரியில் இடம் அறிவிக்கும்; முன்பணத்தோடு ஒப்புக்கொள்ள மார்ச் தொடக்கம் வரை விடும் பள்ளிகள் பல. இரண்டு தேதிக்கும் நடுவே சில நாள்களே இருப்பதால், எது வந்தால் எது என்று முன்பே பேசி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வாரம் சுலபம். பிள்ளையையும் கேட்க வேண்டும். இரண்டு பேருந்து, ஒரு ரயில் மாறி ஒன்றே கால் மணி நேரம் பயணம் செய்து பேர்பெற்ற பள்ளிக்குப் போகும் பிள்ளை, குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்பும். பள்ளி முடிந்த பின் நடக்கும் கிரிக்கெட், இசைக்குழு எதிலும் அதனால் நிற்க முடியாது. சேருமுன் ஒரு வேலைநாள் காலையில் அந்தப் பயணத்தைப் பிள்ளையோடு ஒருமுறை செய்து பார்ப்பது, பள்ளிகளின் விளம்பரக் கையேடுகளைவிட அதிகம் சொல்லும்.

பதினோரு வயதில் இடம் கிடைக்காதவர்களுக்குப் பதினாறு வயதில் இன்னொரு வாசல் உண்டு. பல கிராமர் பள்ளிகள் ‘சிக்ஸ்த் ஃபார்ம்’ எனப்படும் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு வெளியிலிருந்தும் மாணவர்களைச் சேர்க்கின்றன. அதற்கு இலெவன் பிளஸ் கிடையாது, பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வின் மதிப்பெண்களே முதன்மையாகப் பார்க்கப்படுகின்றன.