கரிசல் வெயிலில் ஒரு ப்ராசசர்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேரூன்ற வறண்ட வெயிலும் ஒரு முக்கியக் காரணம். மருந்தில் தோய்த்த குச்சி சீக்கிரம் காயும். லேப்டாப்புக்குள் இருக்கும் ப்ராசசருக்கோ அந்த வெயில் ஆகாது. கடையில் ஒட்டியிருக்கும் விவரச்சீட்டு இதைச் சொல்லாது. சீட்டைப் படிக்கத் தெரிந்தால் நாமே ஊகித்துவிடலாம்.

இன்டெல் 2017இல் கொண்டுவந்த ஐ5-8250யூ சிப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு கோர், எட்டுத் திரெட், 6 எம்பி கேஷ். அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4. இதற்கு முந்தைய ஐ5-7200யூவின் அடிப்படை வேகம் 2.5. புதியதில் வேகம் குறைந்துவிட்டதே என்று தோன்றும். பழையதில் இருந்தது இரண்டே கோர். இரண்டு சிப்புக்கும் வெப்ப வரம்பு ஒன்றுதான்: 15 வாட். அதற்குள் நான்கு கோர்களும் விடாமல் உழைக்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் நிதானமாகத்தான் ஓடியாக வேண்டும். வேகத்தைக் கூட்டும்போது மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. மின்செலவோ அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஆகவே 3.4 என்பது சிறிது நேரப் பாய்ச்சல். வீடியோ எடிட்டிங் அரைமணி நேரம் ஓடினால், வாட்டும் ஃபேனும் அனுமதிக்கும் வேகமே மிஞ்சும்.

இங்கேதான் நம் ஊர் குறுக்கிடுகிறது. 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால் இந்தச் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ஃபேன் ஊதுவதோ அறைக்காற்றை. ஏசி அறையில் 25 டிகிரி என்றால் சிப்புக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி 75. சித்திரை மதியத்தில் அறைக்குள் 38 டிகிரி என்றால் 62தான். இந்த இடைவெளியைப் பொறுத்தே வெப்பம் வெளியேறுகிறது. அதே ஃபேன், அதே செம்புக்குழாய், ஆனால் வெளியேற்றும் திறனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது.

அதனால் 45 வாட் 'ஹெச்' வகைச் சிப்பை மெலிந்த உடலுக்குள் அடைத்த லேப்டாப்பை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர நான் சொல்லமாட்டேன். கொஞ்சம் தடிமனான உடலும் பெரிய காற்றுவழியும் உள்ள 15 வாட் லேப்டாப்பே படிப்புக்குப் போதும்.

புழுதி வேறு இருக்கிறது. ஆடிக்காற்றில் பறக்கும் கரிசல் தூசி, ஃபேனை அடுத்துள்ள மெல்லிய தகடுகளின் இடுக்கில் படியும். ஆவணியில் ஒருமுறை திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மெத்தைமேல் வைத்து ஓட்டினால் அடிப்புறத் துவாரங்கள் அடைபடும். கோடை மதியத்தில் சூடு தாங்கவில்லையா? விண்டோஸின் பவர் அமைப்பில் ப்ராசசரின் உச்ச அளவை 99 விழுக்காடாக வையுங்கள். பெரும்பாலான இன்டெல் லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். பாடம் படிக்கவும் கடிதம் தட்டவும் 1.6 கிகாஹெர்ட்ஸ் தாராளம்.