போரை விளையாடலாமா?

"இத்தனை பேர் செத்த சண்டையை வெச்சு விளையாட்டா?" என்று முகம் சுளித்தவன்தான் நானும்.

1815 ஜூன் 18 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள வாட்டர்லூ அருகே நெப்போலியன் தோற்றார். இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர் என ஒரே நாளில் சுமார் 50,000 பேர். அதன் 200-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2015-இல் ஏறத்தாழ 5,000 ஆர்வலர்கள் அக்காலச் சீருடை அணிந்து, 300 குதிரைகளோடு அங்கே அப்போரை நடித்துக் காட்டினார்கள். பீரங்கியில் மருந்து மட்டும்தான்; குண்டு கிடையாது.

மேசைப் போர் வேறு ரகம். 1824 வாக்கில் பிரஷ்யப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கென வந்தது. வரைபடம், படைகளைக் குறிக்கும் சிறு கட்டைகள், ஒரு நடுவர், கூடவே பகடை. பகடை எதுக்குன்னு கேட்கலாம். களத்தில் தளபதி நினைச்சது நினைச்சபடி நடக்காதே! வாட்டர்லூவில் முந்தின இரவு பெய்த மழையால் மண் சேறானது. நெப்போலியன் தாக்குதலைத் தள்ளிப்போட்டார். மாலைக்குள் எதிரிக்குத் துணையாகப் பிரஷ்யர்கள் வந்துவிட்டார்கள். காலையிலேயே தாக்கியிருந்தால்? அந்தக் கேள்வியை மேசையில்தான் கேட்டுப் பார்க்க முடியும்.

2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 22,000-க்கும் மேற்பட்ட பொம்மைப் படைவீரர்களை வைத்து இதே போரை ஆடினார்கள். முன்னாள் ராணுவத்தினரும் தொல்லியலாளரும் சேர்ந்து அந்தப் போர்க்களத்தைத் தோண்டி ஆராயும் அறப்பணிக்கு நிதி திரட்டவே அந்த ஆட்டம். என் சுளிப்பு அங்கேதான் தளர்ந்தது. அதே ஆண்டு, போரின்போது மருத்துவமனையாக இருந்த ஒரு பண்ணையில் அவர்கள் தோண்டியபோது, அறுத்தெடுக்கப்பட்ட கால் எலும்புகள் கிடைத்தன.