குரோமோசோம் சேதத்தைக் கம்ப்யூட்டர் எண்ணுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் போட்டோவைத் திறந்து பார்ப்பார்கள், அளவைக் குறைப்பார்கள். அந்தப் போட்டோவில் உள்ள பொருட்களை எண்ணித் தரவும் கம்ப்யூட்டரால் முடியும். கதிர்வீச்சால் ரத்த செல்களில் ஏற்பட்ட சேதத்தைக் கண்டறியவும் இந்த வழி பயன்படுகிறது.

எதை எண்ணுகிறார்கள்?

நம் செல்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இடுப்பு போல ஒடுங்கிய இடம் ஒன்று உண்டு. இது சென்ட்ரோமியர். கதிர்வீச்சு பட்டு உடைந்த இரண்டு குரோமோசோம்கள் தவறாக ஒட்டிக்கொண்டால், இரண்டு இடுப்புள்ள 'டைசென்ட்ரிக்' உருவாகும். சாதாரணமாக 1000 செல்களில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதிகம் இருந்தால், அதை வைத்து உடல் வாங்கிய கதிர்வீச்சை மதிப்பிடலாம்.

அபூர்வமாக வருவதை எண்ண நிறைய செல்களைப் பார்க்க வேண்டுமே! கேரளத்தின் கொல்லம் பகுதிக் கடற்கரை மணலில், நம் மணவாளக்குறிச்சியைப் போலவே, தோரியம் கலந்த மோனசைட் உள்ளது. அங்கு பிறந்த குழந்தைகளைப் பற்றி 1999-ல் வெளியான ஆய்வில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் 9 லட்சத்துக்கும் அதிகமான செல்களைப் பரிசோதித்தனர். மற்ற பகுதிக் குழந்தைகளோடு ஒப்பிட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இத்தனை செல்களையும் மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்ப்பது எவ்வளவு பெரிய வேலை!

நீங்களே செய்து பாருங்கள்

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் உருவாக்கிய இமேஜ்ஜே என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. எங்கள் திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் விளைந்த மல்லியில் 50 விதைகளை வெள்ளைத் தாளில் பரப்பிப் போட்டோ எடுத்தேன். இமேஜ்ஜேயில் அதைத் திறந்து, இமேஜ் மெனுவில் டைப், 8-பிட் தேர்ந்தெடுங்கள். பிறகு அட்ஜஸ்ட், த்ரெஷோல்டு சென்று விதைகள் மட்டும் தனியாகத் தெரியுமாறு வைத்து அப்ளை கிளிக் செய்யுங்கள். கடைசியாக அனலைஸ் மெனுவில் அனலைஸ் பார்ட்டிகிள்ஸ். அங்கே சம்மரைஸ் கட்டத்தை டிக் செய்தால் எண்ணிக்கை வரும்.

எனக்கு 50 வரவில்லை. ஒட்டிக் கிடந்த விதைகளை ஒன்றாக எண்ணிவிட்டது! பிராசஸ், பைனரி மெனுவில் உள்ள வாட்டர்ஷெட் கட்டளை உருண்டையானவற்றைப் பிரித்துவிடும். ஆனால் நீளமான பொருளில் ஒரே துண்டை இரண்டாக வெட்டிவிடவும் கூடும். குரோமோசோம்கள் நீளமானவைதானே?

கடைசி வார்த்தை யாருடையது?

சிக்கல் இதுதான். ஒன்றன் மேல் ஒன்று கிடக்கும் இரண்டு நல்ல குரோமோசோம்கள் டைசென்ட்ரிக் போலவே தெரியும். எனவே மெட்டாஃபர் போன்ற கருவிகள் ஸ்லைடு முழுவதும் தேடிப் படம் எடுத்து, சந்தேகத்துக்கு உரியவற்றைக் குறித்துக் காட்டும். அவற்றை நிபுணர் சரிபார்த்து உறுதி செய்வார். இங்கே எண்ணிக்கை தவறினால் நலமாக இருப்பவர் வீணாகப் பயப்படுவார். சிகிச்சை வேண்டியவர் சும்மா வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

கம்ப்யூட்டர் தரும் எண்ணை அப்படியே நம்பாமல், முதலில் 50 மல்லியைக் கையால் எண்ணிச் சரிபாருங்கள்.